இயல் தொடங்கும் இடம்: ஆங்கில ஆய்வேடுகளில் சொல் தேர்வு

(மரக்காணத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகச் சிறியது. முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஐந்தாறு இயல்கள் இருக்கும். ஒவ்வோர் இயலுக்கும் ஒரு முதல் பத்தி இருக்கும். அந்த இயல் எதைச் செய்யப்போகிறது என்று வாசகருக்குச் சொல்லும் பத்தி அது. ஆங்கிலத்தில் எழுதும் நம் மாணவர்கள் அந்தப் பத்தியில் எந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறார்கள், எந்தச் சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் இந்தச் சொற்பொழிவு.

இவ்வளவு சிறிய இடத்துக்கு ஒரு மணி நேரம் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். தேவை என்றே நம்புகிறேன். தேர்வாளர் ஓர் ஆய்வேட்டைக் கையில் எடுத்தால் முதலில் முன்னுரையைப் படிப்பார். பிறகு ஒவ்வோர் இயலின் தொடக்கத்தையும் புரட்டுவார். இந்த மாணவருக்குத் தான் செய்தது என்ன என்று தெரிகிறதா என்பதை அங்கேயே கணித்துவிடுவார். பொருள் தெரிந்த மாணவர், களத்தில் வெயிலில் நின்று தரவு சேகரித்த மாணவர், அந்த ஒரு பத்தியில் தவறான வினைச்சொல்லைப் போட்டுவிட்டால், தெரியாதவர்போல் காட்சியளிக்கிறார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த மாணவருக்கு இந்த இழப்பு நேரக்கூடாது. அதனால்தான் இதைப் பேச வந்தேன்.

முதலில் நம் நூல் மரபு இயல்களை எப்படித் தொடங்கியது என்று காட்டுகிறேன். அதன்பின் ஆங்கிலச் சொற்களுக்கு வருகிறேன். கடைசியில், ஆசிரியர்களும் மாணவர்களும் நாளையே செய்யக்கூடிய ஒரு பயிற்சியை முன்வைக்கிறேன்.

ஓய்மாநாட்டு வழி

நாம் கூடியிருக்கும் இந்தக் கடற்கரை சங்க இலக்கியத்துக்குப் புதிதல்ல. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. அதன் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊர்களாக எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் ஆகியவற்றைப் பாட்டு சொல்கிறது. கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் ஆராய்ச்சியாளர்களில் பலர். உப்பு வண்டியோடு போகும் உமணர் குடும்பமும் அவர்கள் பிள்ளைகளோடு விளையாடும் குரங்கும் அந்தப் பாட்டில் வருகின்றன.

ஆற்றுப்படை என்பது வழிகாட்டும் பாட்டு. பரிசு பெற்று வரும் பாணன், வறுமையில் வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். அவன் சொல்லும் முறையைக் கவனியுங்கள். எயிற்பட்டினத்தில் நெய்தல் நில மக்கள் சுட்ட மீன் தருவார்கள் என்கிறான். வேலூரில் புளி சேர்ந்த சோறும் இறைச்சியும் கிடைக்கும் என்கிறான். ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும் என்கிறான். எந்த ஊருக்குப் பின் எந்த ஊர், அங்கே யார் இருப்பார்கள், கையில் என்ன வந்து சேரும் என்று ஒவ்வொன்றையும் பெயரோடு சொல்கிறான். பல ஊர்கள் பற்றிய பல செய்திகள் என்று மொத்தமாகச் சொல்லி அனுப்பியிருந்தால், கேட்ட பாணன் முதல் கிளைப்பாதையிலேயே திகைத்து நின்றிருப்பான்.

இயலின் முதல் பத்தியும் ஆற்றுப்படைதான். இந்த இயலைக் கடந்தால் வாசகர் கையில் என்ன வந்து சேரும் என்பதை அது சொல்ல வேண்டும்.

பாயிரமும் உத்தியும்

நூலை அறிமுகப்படுத்துவதற்கென்றே இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. பவணந்தி முனிவரின் நன்னூல், எழுத்துக்கும் சொல்லுக்கும் போவதற்கு முன் 55 நூற்பாக்களைப் பாயிரத்துக்குக் கொடுக்கிறது. பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் என அது இரண்டு வகை. ஒரு நூலின் சிறப்புப்பாயிரத்தில் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டும் இருக்க வேண்டும் என்பது விதி. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உண்டு.

இந்தப் பட்டியலை இன்றைய ஆய்வேட்டின் முன்னுரையோடு வைத்துப் பாருங்கள். வழி என்பது முன்னோர் ஆய்வு. எல்லை என்பது ஆய்வின் வரம்பு. நுதலிய பொருள் என்பது ஆய்வுச் சிக்கல். கேட்போர் என்பது யாருக்காக எழுதுகிறோம் என்பது. பயன் என்பது ஆய்வின் பங்களிப்பு. ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரையை ஆராய்ந்த ஜான் ஸ்வேல்ஸ், 1990இல் வெளியான தம் நூலில், முன்னுரைக்கு மூன்று நகர்வுகள் உண்டு என்று காட்டினார். துறையின் பரப்பைச் சொல்வது, அதிலுள்ள இடைவெளியைச் சுட்டுவது, அந்த இடைவெளியில் தன் ஆய்வை நிறுத்துவது. உலகெங்கும் ஆய்வெழுத்து வகுப்புகளில் இன்று இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். நன்னூல் கற்ற மாணவருக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டிய காரணமே இல்லை.

நன்னூல் அங்கேயே நிற்கவில்லை. நூலின் உட்பிரிவுகளுக்கும் அது இலக்கணம் சொல்கிறது. ஓரினப் பொருள்களை ஓரிடத்தில் தொகுத்தால் ஓத்து. பல திறத்துப் பொருள்கள் விரவி வந்தால் படலம். ஒரு பிரிவுக்குள் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்ற கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. நூல் எழுதுவோர் கையாள வேண்டிய 32 உத்திகளையும் அது எண்ணிச் சொல்கிறது. அவற்றில் முதலாவது நுதலிப் புகுதல். சொல்லப்போவதைக் குறித்துக்காட்டி உள்ளே நுழைவது அது. ஓத்துமுறை வைத்தல், தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல் என்று பட்டியல் நீள்கிறது. உரைத்தும் என்றல், உரைத்தாம் என்றல் என இரண்டு உத்திகளும் அதில் உண்டு. இனிச் சொல்வோம் என்பது ஒன்று, முன்பே சொன்னோம் என்பது மற்றொன்று. கென் ஹைலண்ட் போன்ற மொழியியலாளர்கள் 'மெட்டாடிஸ்கோர்ஸ்' என்ற தலைப்பில் இன்று ஆராய்வது இதையேதான். நூல் தன்னைப் பற்றித் தானே வாசகரிடம் பேசும் இடங்களை அவர்கள் ஆராய்கிறார்கள்.

காப்பியங்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. சிலப்பதிகாரத்தின் பதிகம் அந்நூலின் முப்பது காதைகளையும் வரிசையாகப் பெயர் சொல்லி நிறுத்துகிறது. மணிமேகலையின் பதிகமும் அப்படியே. உள்ளே போகும் முன் வாசகர் கையில் முழு வரைபடமும் வந்துவிடுகிறது.

பரிமேலழகர் காட்டும் அளவு

தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் ஒவ்வோர் இயலின் வாயிலிலும் நின்று சில கேள்விகளைக் கேட்டு விடை சொன்ன பிறகே நூற்பாவுக்குள் போனார்கள். இந்த இயலின் பெயர் என்ன? அந்தப் பெயர் எதனால் வந்தது? இது எதை உணர்த்துகிறது? முன்னைய இயலோடு இதற்கு என்ன தொடர்பு? மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது என 27 இயல்கள் கொண்ட நூலில் வாசகர் எங்கே நிற்கிறார் என்பதை அவர்கள் மறக்கவிடவில்லை.

இந்த முறையை மிகச் சுருக்கமாகவும் மிக அழகாகவும் செய்தவர் பரிமேலழகர். திருக்குறளின் 133 அதிகாரங்களுக்கும் அவர் வாயில் அமைத்தார். அஃதாவது என்று தொடங்கி, அந்த அதிகாரம் என்ன செய்கிறது என்று சொல்வார். அது அந்த இடத்தில் ஏன் நிற்கிறது என்பதையும் சொல்வார். பெரும்பாலும் இரண்டே வாக்கியங்கள்.

முதல் நான்கு அதிகாரங்களை அவர் இணைக்கும் விதத்தைப் பாருங்கள். கடவுள் வாழ்த்துக்குப் பின் வான்சிறப்பு. உலகமும் அறம் பொருள் இன்பங்களும் நடைபெறக் காரணமாகிய மழை இறைவன் ஆணையால் பெய்வது என்பதால் அதன் சிறப்பு இரண்டாவதாக வருகிறது. அந்த அறம் முதலியவற்றை உள்ளபடி உலகுக்கு உணர்த்துவோர் முனிவர் என்பதால் நீத்தார் பெருமை மூன்றாவது. அவர்கள் உணர்த்திய மூன்றில் அறமே வலிமை உடையது என்று நிறுவ அறன் வலியுறுத்தல் நான்காவது.

இங்கே ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் கற்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. வான்சிறப்புக்கும் நீத்தார் பெருமைக்கும், இன்னதன் சிறப்பைச் சொல்கிறது, இன்னவர் பெருமையைச் சொல்கிறது என்று பொருளை மட்டும் குறிக்கிறார். அறன் வலியுறுத்தலுக்கு வரும்போது வாக்கிய அமைப்பே மாறுகிறது. பொருளும் இன்பமும் போலன்றி, இம்மை, மறுமை, வீடு மூன்றையும் தருவதால் அறம் வலியது என்று ஒரு முடிவையே வைக்கிறார். முன் சொன்ன இரண்டும் விவரிக்கும் அதிகாரங்கள். நான்காவது வாதிடும் அதிகாரம். எது விவரிக்கிறது, எது வாதிடுகிறது என்பது அறிமுக வாக்கியத்திலேயே தெரிந்துவிடுகிறது.

வினைச்சொல் தரும் வாக்கு

இனி ஆங்கிலத்துக்கு வருகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். எந்தத் துறையின் ஆய்வேட்டை எடுத்தாலும் இயல் தொடக்கத்தில் ஒரு சொல் உங்களை வந்து சந்திக்கும். 'டிஸ்கஸ்' என்பதே அந்தச் சொல். இந்த இயல் இதை 'டிஸ்கஸ்' செய்கிறது, அடுத்த இயல் அதை 'டிஸ்கஸ்' செய்கிறது. ஐந்து இயல்களுக்கும் அதே வினை. தவறான ஆங்கிலம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அது எந்த வாக்கையும் தரவில்லை. ஓர் இயல் ஒப்பிடலாம், அளக்கலாம், வரலாற்றைத் தொடரலாம், ஒரு கருத்தை மறுக்கலாம், புதிய வகைப்பாட்டை முன்வைக்கலாம். இத்தனை வேலைகளுக்கும் ஒரே வினையைப் போட்டால், இயல்களுக்கிடையே வேறுபாடு இல்லை என்று நாமே சொன்னதாகிறது.

ஆங்கிலத்தில் இதற்கென்று துல்லியமான வினைகள் இருக்கின்றன. இருப்பதை இருந்தபடி காட்டும் இயலுக்கு 'டிஸ்கிரைப்'. காலவரிசையில் வளர்ச்சியைப் பின்தொடர்ந்தால் 'டிரேஸ்'. இரண்டை அருகருகே வைத்தால் 'கம்பேர்'. பகுத்து நுணுகிப் பார்த்தால் 'அனலைஸ்'. கருதுகோளைத் தரவோடு மோதவிட்டால் 'டெஸ்ட்'. புதிய திட்டத்தையோ சட்டகத்தையோ வைத்தால் 'ப்ரொபோஸ்'. ஒரு நிலைப்பாட்டைச் சான்றுகளோடு நிறுவினால் 'ஆர்க்யூ'. இவற்றில் எது நம் இயலுக்குப் பொருந்தும் என்று தேர்ந்தெடுக்க, அந்த இயல் என்ன செய்கிறது என்று நமக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். வினைச்சொல்லைத் தேடும் முயற்சியே சிந்தனையைத் தெளிய வைக்கிறது.

'ஆர்க்யூ' என்ற சொல்லைப் போட நம் மாணவர்கள் தயங்குகிறார்கள். வீட்டிலும் தெருவிலும் அந்தச் சொல் சண்டைக்கும் வாய்த்தகராறுக்கும் வழங்குவதால், பெரியவர்கள் படிக்கும் ஆய்வேட்டில் அதை எழுதுவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். ஆய்வுலகில் அதற்கு அந்தப் பொருள் இல்லை. சான்று காட்டி ஒரு முடிவை முன்வைப்பதே அதன் பொருள். அதோடு ஓர் இலக்கண வேறுபாடும் உண்டு. 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் ஒரு பொருள் வரும். 'ஆர்க்யூ' என்பதற்குப் பின் 'தட்' வந்து, முழு வாக்கியமாக ஒரு கருத்து வரும். பரிமேலழகர் வான்சிறப்புக்கும் அறன் வலியுறுத்தலுக்கும் இடையே காட்டிய அதே வேறுபாடு.

மறுபக்கம் துணிச்சல் கூடிப்போவதும் உண்டு. 60 பேரிடம் வினாநிரல் கொடுத்துப் பெற்ற விடையை வைத்து 'ப்ரூவ்' என்று எழுதக் கூடாது. கணிதத்துக்கும் தருக்கத்துக்கும் உரிய வினை அது. சமூக ஆய்வில் சான்று வலுவாக இருந்தால் 'ஷோ', போக்கு மட்டும் தெரிந்தால் 'சஜெஸ்ட்'. சொல்லின் வலிமை சான்றின் வலிமையைத் தாண்டக் கூடாது.

எல்லாவற்றையும்விட நான் வருந்துவது ஒரு தொடரைக் கண்டு. ஒரு முயற்சி செய்யப்பட்டுள்ளது என்ற பொருளில் வரும் 'ஆன் அட்டெம்ப்ட் ஹாஸ் பீன் மேட்' என்பது அது. நம் நாட்டு ஆய்வேடுகளில் அடிக்கடி காணலாம். முயன்றது யார் என்று அதில் இல்லை. முயற்சி கைகூடியதா என்றும் இல்லை. இந்தத் தொடரின் பின்னால் இருப்பது பணிவு என்பதை அறிவேன். பணிவு நல்ல பண்பு. ஆனால் நம் புலவர்கள் அவையடக்கத்தை நூலின் தொடக்கத்தில் ஓரிடத்தில் வைத்தார்கள். வைத்த பிறகு தயங்காமல் பாடினார்கள். காண்டத்துக்குக் காண்டம், படலத்துக்குப் படலம் அவையடக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. மாணவர்களும் நன்றியுரையில் பணியட்டும். இயலின் வாயிலில் தாம் செய்ததைச் செய்தேன் என்று சொல்லட்டும். 'தி ரிசர்ச்சர்' என்று தம்மைப் படர்க்கையில் மறைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. அமெரிக்க உளவியல் கழகத்தின் நடைக்கையேடு, தன் வேலையைச் சொல்லும்போது தன்மை இடத்தில் எழுதுமாறே அறிவுறுத்துகிறது. துறையோ நெறியாளரோ வேறு மரபைக் கேட்டால் இயலையே எழுவாயாக்கி, இந்த இயல் அளக்கிறது, இந்த இயல் ஒப்பிடுகிறது என்று எழுதிவிடலாம்.

சிறு சொற்களில் வரும் வழுக்கள்

இப்போது சொல்லப்போகும் வழுக்கள் கண்ணுக்குச் சிறியவை. தேர்வாளர் சிவப்பு மையால் வட்டமிடுவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

முதலாவது 'டிஸ்கஸ் அபவுட்'. ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' நேராகச் செயப்படுபொருளை ஏற்கும். நடுவே 'அபவுட்' வரக் கூடாது. 'டிஸ்கிரைப்', 'எக்ஸ்பிளெய்ன்', 'எக்ஸாமின்' ஆகியவற்றுக்கும் இதே விதி. நாம் ஏன் அதைச் சேர்க்கிறோம்? தமிழில் கூலியைப் பற்றி விவாதிக்கிறது, கூலியைப் பற்றி விளக்குகிறது என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தப் 'பற்றி' ஆங்கிலத்துக்குள் 'அபவுட்' ஆக நுழைந்துவிடுகிறது. வினை பெயராகி 'டிஸ்கஷன்' என்று வரும்போது 'ஆஃப்' அல்லது 'அபவுட்' வரலாம். இந்த வேறுபாட்டை ஒருமுறை புரிந்துகொண்டால் வாழ்நாள் முழுதும் தவறு வராது.

இரண்டாவது 'டீல்'. இயல் ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறது என்ற பொருளில் 'டீல் வித்' என்பதே சரி. 'டீல்ஸ் அபவுட்' என்றும் 'டீல்ஸ் ஆன்' என்றும் எழுதுவது வழு. மூன்றாவது, பகுதிகளைச் சொல்லும் வினைகள். 'கன்சிஸ்ட்' என்பதோடு 'ஆஃப்' கட்டாயம். 'கம்ப்ரைஸ்' என்பதோடு 'ஆஃப்' வராது. இரண்டையும் குழப்புவதைவிட 'கன்சிஸ்ட்ஸ் ஆஃப்' என்ற ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொள்வது நல்லது. அறிமுகம் என்பதற்கு 'இன்ட்ரடக்ஷன்' என்று எழுதினால் பின்னால் 'டு' வரும். உப்புத் தொழிலுக்கு ஓர் அறிமுகம் என்று தமிழில் நாம் சொல்வதும் அதே நான்காம் வேற்றுமைதான். இங்கே தமிழே துணைக்கு வருகிறது.

இயலின் எண்ணுக்கு முன் 'தி' சேர்ப்பது நம்மவர்களிடம் பரவலாக உள்ள இன்னொரு வழு. ஆங்கிலத்தில் எண் பெயருக்குப் பின்னால் நின்றால் 'தி' வராது. 'சாப்டர் 2', 'டேபிள் 3', 'ஃபிகர் 4' என்றுதான் எழுத வேண்டும். முதல், இரண்டாம் என்று வரிசையெண் முன்னால் வந்தால் 'தி செகண்ட் சாப்டர்' என்று 'தி' கட்டாயம். எண்ணோடு வரும்போது 'சாப்டர்' என்பதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக இடுவது வழக்கம். 'திஸ் சாப்டர்' என்று பொதுவாக வரும்போது சிறிய எழுத்தே போதும்.

இயலின் பெயரைச் சொல்ல 'டைட்டில்ட்' என்பதா, 'என்டைட்டில்ட்' என்பதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டும் வழக்கில் உள்ளவை. இரண்டாவதற்கு உரிமை பெற்ற என்ற இன்னொரு பொருளும் இருப்பதால் சில பதிப்பாசிரியர்கள் முதலாவதை விரும்புகிறார்கள். எதைத் தேர்ந்தாலும் ஆய்வேடு முழுவதும் அதையே வைத்திருங்கள்.

நூலின் முகப்புப் பகுதிகளின் பெயர்களையும் பிரித்தறிய வேண்டும். பிறர் எழுதித் தரும் அணிந்துரை 'ஃபோர்வேர்ட்'. நூலாசிரியர் நூல் பிறந்த கதையைச் சொல்லும் என்னுரை 'பிரிஃபேஸ்'. நூலின் பொருளுக்குள் அழைத்துச் செல்லும் முன்னுரை 'இன்ட்ரடக்ஷன்'. இவற்றில் அணிந்துரைக்குரிய சொல்லின் எழுத்துக் கோவை, முன்னோக்கி என்ற பொருள் தரும் 'ஃபார்வர்ட்' என்பதன் எழுத்துக் கோவையாக மாறி அச்சாகிவிடுவதை நல்ல பதிப்பகங்களின் நூல்களில்கூடப் பார்க்கலாம். அட்டையைத் திருப்பியதும் கண்ணில் படும் பிழை என்பதால் இதற்குத் தனிக் கவனம் தேவை.

காலமும் தொடர்ச்சியும்

இயல் அறிமுகத்தில் எந்தக் காலத்தைப் பயன்படுத்துவது? இந்த இயல் செய்வதற்கு நிகழ்காலம். முந்தைய இயல் செய்ததற்கு இறந்தகாலமோ நிகழ்கால முற்றோ வரலாம். பின்வரும் இயலுக்கு 'வில்' சேர்த்து எதிர்காலம் எழுதலாம் என்றாலும், இன்றைய நடை நிகழ்காலத்தையே விரும்புகிறது. நூல் முழுவதும் ஏற்கெனவே வாசகர் கையில் இருக்கிறது. நான்காம் இயல் ஒப்பிடுகிறது என்று சொன்னாலே போதும். ஆய்வு தொடங்கும் முன் கொடுத்த ஆய்வுத் திட்டத்தில் எழுதிய எதிர்கால வாக்கியங்கள் அப்படியே ஆய்வேட்டுக்குள் வந்துவிடுவதால், முடிந்த வேலை இனிமேல் நடக்கப்போவதாகத் தோன்றுகிறது. ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் இதைத் தேடித் திருத்த வேண்டும்.

காலத்தைவிட முக்கியம் தொடர்ச்சி. இதை விளக்க இந்த மண்ணின் தொழிலையே எடுத்துக்கொள்கிறேன். உப்பளத்தில் நீர் ஒரே பாத்தியில் உப்பாவதில்லை என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறக்குறைய 3 டிகிரி. அது பாத்தி மாறி மாறி வெயிலில் சுண்டும். ஏறக்குறைய 25 டிகிரி வந்த பிறகே உப்பு விளையும் பாத்திக்குள் விடுவார்கள். அதற்கு முன் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்து கழிந்துவிடும். 29, 30 டிகிரியைத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து உப்பு கசக்கும் என்பதால் மிஞ்சிய நீரை வெளியேற்றுவார்கள். எந்தப் பாத்திக்கும் வந்து சேரும் நீரின் அளவு தெரிந்தாக வேண்டும். இயலும் அப்படித்தான். முந்தைய இயல் வாசகரை எந்த நிலையில் கொண்டுவந்து விட்டிருக்கிறது, இந்த இயல் அங்கிருந்து எவ்வளவு தூரம் எடுத்துச் செல்லும் என்பதை முதல் பத்தி சொல்ல வேண்டும். முன்னோர் ஆய்வைச் சொல்லும் இரண்டாம் இயலை நீக்கினாலும் மூன்றாம் இயல் அப்படியே நிற்கிறது என்றால், இரண்டும் ஒரே ஆய்வேட்டில் ஒட்டவில்லை என்று பொருள்.

ஓர் இயலைத் திருத்திப் பார்ப்போம்

மரக்காணம் உப்பளப் பெண்களின் வருமானத்தை ஆய்வு செய்யும் மாணவி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் உப்பு விளையாது, வேலையும் இருக்காது. அந்தக் காலத்துக்குத் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு ரூ.5,000 நிவாரணம் வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாணவியின் மூன்றாம் இயல் இதைப் பற்றியது. அவர் முதலில் ஆங்கிலத்தில் எழுதியதன் பொருள் இப்படி இருக்கிறது: இந்த இயல் உப்பளத் தொழிலாளர்களின் பல்வேறு அம்சங்களைப் பற்றி விவாதிக்கிறது. அவர்களது பொருளாதார நிலையை அறிய ஒரு முயற்சி செய்யப்பட்டுள்ளது. அரசின் திட்டங்களும் விவாதிக்கப்படும்.

மூன்று வாக்கியங்களிலும் தவறான செய்தி ஏதும் இல்லை. ஆனாலும் வாசகருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இதே பத்தியை நாம் பார்த்த முறைப்படி மாற்றி எழுதினால் இப்படி வரும்: மழைக்கால நிவாரணம் வேலையில்லாத மாதங்களின் குடும்பச் செலவில் எவ்வளவை ஈடுசெய்கிறது என்று இந்த இயல் மதிப்பிடுகிறது. கூலி முறையையும் அதனால் வரும் ஆண்டு வருமானத்தையும் இரண்டாம் இயல் விவரித்தது. ஆண்டு வருமானம் தெரியாமல் நிவாரணத்தின் மதிப்பை அளக்க முடியாது என்பதால் இந்த இயல் அதை அடுத்து வருகிறது. முதலில் குடும்பங்களின் செலவுக் கணக்கையும் நிவாரணத் தொகையையும் ஒப்பிடுகிறேன். அந்த ஒப்பீட்டை வைத்து, பெண்களின் கடன் சுமையை உள்ளடக்காத கணக்கு குறையுடையது என்று வாதிடுகிறேன்.

'எஸ்டிமேட்', 'டிஸ்கிரைப்', 'கம்பேர்', 'ஆர்க்யூ' என நான்கு வினைகள் நான்கு வேலைகளைச் சொல்கின்றன. நன்னூல் பத்துக் குற்றங்களாகச் சொல்பவற்றில் மிகைபடக் கூறல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல் ஆகிய மூன்றும் முதல் பத்தியில் இருந்தன. இரண்டாவதில் அவற்றுக்கு இடமே கிடைக்கவில்லை. மாணவியின் அறிவு இரண்டு பத்திகளிலும் ஒன்றுதான். இரண்டாவதில்தான் அது வெளியே தெரிகிறது.

வேண்டுகோள்

நெறியாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுச் சுருக்கத்தை ஒப்படைக்கும் முன், எல்லா இயல்களின் முதல் பத்திகளை மட்டும் எடுத்து ஒரே தாளில் அச்சிட்டு, துறையில் உள்ள மற்ற மாணவர்கள் முன்னிலையில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பத்திகளை மட்டும் கேட்டவர்களுக்கு ஆய்வு முழுவதும் எதை நிறுவுகிறது என்று விளங்க வேண்டும். விளங்காவிட்டால் திருத்த வேண்டியது எது என்று அங்கேயே தெரிந்துவிடும். இதற்குச் செலவு இல்லை, ஒரு பிற்பகல் போதும். மாணவரின் ஆங்கிலத்தைக் குறை சொல்வதற்கு முன் இந்தப் பயிற்சியை அவருக்குக் கொடுப்பது நம் கடமை.

மாணவர்களுக்கு நான்கு கேள்விகள் தருகிறேன். இந்த இயல் செய்யும் வேலைக்கு உரிய வினை எது? அது விவரிக்கிறதா, வாதிடுகிறதா? வாதிட்டால் எதை நிறுவுகிறது? முந்தைய இயலுக்குப் பின் இது ஏன் நிற்கிறது? உரையாசிரியர்கள் இயல்தோறும் கேட்டவற்றிலிருந்தும் பரிமேலழகரின் இரண்டு வாக்கியங்களிலிருந்தும் பிறந்த கேள்விகள் இவை. ஆங்கிலத்தில் எழுதுகிறோம் என்பதற்காக வெறுங்கையோடு நிற்பதாக எண்ண வேண்டாம். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் இந்த நான்கு கேள்விகளையும் தம் மரபிலிருந்தே ஏற்கெனவே பெற்றிருக்கிறார். அவர் புதிதாகக் கற்க வேண்டியவை சில வினைச்சொற்களும் சில முன்னிடைச்சொற்களும் மட்டுமே. அவை ஒரு மாதத்தில் கைவந்துவிடும்.

எழுதிக்கொண்டிருக்கும் இயலின் முதல் பத்தியை இன்றிரவே எடுத்து இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காத கேள்வி எதுவோ அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள். களத்தில் நீங்கள் உழைத்த உழைப்பு, படிப்பவர் கண்ணுக்கு முழுமையாகத் தெரிய வேண்டும். அதற்கான உரிமை உங்களுக்கு உண்டு.